1973-இல் கண் விழித்த போலீஸ்காரர்: 'லைஃப் ஆன் மார்ஸ்' முதல் எபிசோட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் ஒரு மழை நாளில் இந்த எபிசோடை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். நண்பர்களும் வீட்டில் இருப்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எந்தத் தொடர், என்ன கதை?

பிபிசி ஒன்றில் 2006 ஜனவரி 9, திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய போலீஸ் தொடர். இரண்டு சீசன், சீசனுக்கு எட்டு, மொத்தம் 16 எபிசோட், 2007 ஏப்ரலில் கதையை முடித்துவிட்டார்கள். மான்செஸ்டரில் சாம் டைலர் என்று ஒரு டி.சி.ஐ., அதாவது துப்பறியும் பிரிவின் தலைமை இன்ஸ்பெக்டர். ஜான் சிம் நடித்திருக்கிறார். ஒரு கொலைகாரனைத் தேடிக்கொண்டிருக்கும்போது கூட வேலை செய்கிற, காதலியும் ஆன மாயா கடத்தப்படுகிறாள். மனசு உடைந்து வண்டியை ஓரம் கட்டி இறங்குகிறார், எங்கிருந்தோ வந்த கார் தூக்கி அடிக்கிறது. கண் விழித்தால் 1973. அதே ஊர், அதே வேலை, ஆனால் பதவி ஒரு படி குறைவு: வெறும் டி.ஐ. ஹைட் என்கிற ஊரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார் என்று பையில் காகிதம்கூடத் தயாராக இருக்கிறது.

அவ்வளவுதான். தனக்குப் பைத்தியமா, கோமாவில் கிடக்கிறோமா, நிஜமாகவே காலத்தில் பின்னால் போய்விட்டோமா என்று தெரியாமல் ஒரு மனிதர் தினமும் ஆபீஸ் போகிறார்.

இது விஞ்ஞானப் புனைவா? விண்கலம், ரோபோ எதுவும் இல்லையே?

இல்லைதான். கால இயந்திரமும் இல்லை, காலப் பயணத்தை விளக்க வருகிற கோட்டு போட்ட விஞ்ஞானியும் இல்லை. ஆனால் காலம் மாறிப்போன ஒருவன் அந்தக் காலத்தை வெளியாளாக நின்று பார்ப்பது விஞ்ஞானப் புனைவின் பழைய வேலைதான், அதை இந்த எபிசோட் மிகக் குறைந்த செலவில் செய்துவிடுகிறது. டெலிபோனிலும் ரேடியோவிலும் ஆஸ்பத்திரிக் குரல்கள் கேட்கும், மானிட்டர் பீப் பீப் என்று அடிக்கும். ராத்திரி டிவியில் பாடம் நடத்துகிற ஒரு ஆள் திடீரென்று சாமின் உடல்நிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், ஒரு டாக்டர் கட்டிலோரம் நின்று பேசுகிற மாதிரி. அங்கே எனக்கு இரண்டாம் முறையும் முதுகு சில்லிட்டது.

இதற்குள்ளே நல்ல ஒரு சின்ன இடம் உண்டு. சாம் கான்ஸ்டபிள் ஆனி கார்ட்ரைட்டிடம் (லிஸ் வைட்) தன் திட்டத்தைச் சொல்வார்: இது என் மூளை உண்டாக்கிய ஊர் என்றால் நடந்துகொண்டே போகிறேன், புதுசாக ஒரு தெருவையோ ஒரு முகத்தையோ என் மூளையால் உண்டாக்க முடியாத இடம் எங்கேயாவது வந்துதானே ஆகணும். இதைக் கேட்டதும் நான் முதல் தடவை பார்த்தபோது ஜன்னல் வழியாக எங்கள் தெருவையே சந்தேகமாகப் பார்த்தேன். தர்க்கம் என்னவோ சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் நடந்தால் தெரு முடியவே முடியாது, அதுதான் சிக்கல்.

முதல் பத்து நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பாட்டை. வண்டிக்குள் ஐபாடில் டேவிட் போவியின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, தொடருக்குப் பெயர் கொடுத்த பாட்டு அதுதான். கார் மோதுகிறது. கண் திறக்கிறார், சட்டைக் காலர் அகலமாகிவிட்டது, தோல் ஜாக்கெட், காலில் ஹீல்ஸ் வைத்த பூட்ஸ், சுற்றிலும் இடித்துப் போட்ட கட்டடங்களின் பொட்டல். அதே பாட்டு இன்னும் ஓடுகிறது, ஆனால் ஐபாடில் இல்லை, எட்டு டிராக் கேசட்டில். பாட்டு நிற்காமல் உலகம் மட்டும் மாறிவிடுகிறது. பாட்டு வந்தது 1971 கடைசியில் வெளியான ஆல்பத்தில், தனி ரெக்கார்டாக வந்தது சரியாக 1973 ஜூனில். ஆக இரண்டு பக்கமும் பொய் இல்லை.

அப்புறம் ரோந்து கான்ஸ்டபிள் ஒருவர் வருவார். சாம் தனக்கு மொபைல் வேண்டும் என்பார், கான்ஸ்டபிள் 'மொபைல் என்ன' என்று கேட்பார், ஏனென்றால் அந்த வருடத்தில் அது நகரக்கூடியது என்று பொருள் தருகிற சொல் மட்டும்தான், பின்னால் ஒரு பொருள் வராமல் வாக்கியம் முடியாது. அடுத்தது ஸ்டேஷனில்: என் பி.சி. எங்கே என்று கத்துவார், கம்ப்யூட்டரைச் சொல்கிறார். அங்கிருப்பவர்களோ இங்கே மாடியில் உனக்கு எதற்கு ஒரு கான்ஸ்டபிள் என்று முழிப்பார்கள். நம்மூரிலும் கான்ஸ்டபிளுக்கு பி.சி. என்றுதானே பெயர், அதனால் இந்த ஜோக்கை என் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மான்செஸ்டர் உச்சரிப்பில் பாதி புரியாமல் போன என் அப்பாகூட இதற்குச் சிரித்தார்.

ஜீன் ஹன்ட் யார்? எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்களே?

சாமுக்கு மேலதிகாரியான டி.சி.ஐ. நடித்திருப்பவர் பிலிப் க்ளெனிஸ்டர். ஒட்டக நிறக் கோட்டு, கையில் சிகரெட், வாயில் வசவு, வாசலில் ஃபோர்ட் கார்ட்டினா. சாமைச் சந்தித்த முதல் நிமிடத்திலேயே ஃபைல் பீரோவில் சாய்த்து வயிற்றில் ஒரு குத்து விட்டு, தன் பெயர், நடக்கிற வருடம், தான் இன்றைக்கு மதியம் என்ன சாப்பிடப் போகிறேன் என்கிற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார். டிவியில் ஒரு கதாபாத்திரத்தை இதைவிட வேகமாக அறிமுகம் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் தடவை நான் முழுக்க ஹன்ட் கட்சி. ஹாஸ்டலில் ஒருவன் ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தான், சப்டைட்டில் கிடையாது, ஒரே அறையில் எட்டுப் பேர் ஒரு பழைய மானிட்டர் முன்னால். ஹன்ட் அடிக்கும்போதெல்லாம் விசில். நம் சினிமாவில் போலீஸ்காரர் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடித்தால் நாம் கைதட்டிப் பழகியவர்கள், அதனால் அது இயல்பாகவே வந்தது. சாமின் விதிமுறைப் பேச்செல்லாம் எங்களுக்குக் கொட்டாவி.

இந்தத் தடவை விசில் வரவில்லை. ஹன்ட் ஒரு சாட்சியை விசாரிக்கிற விதத்தைப் பாருங்கள். அவரிடம் இருப்பது தடயம் இல்லை, உறுதி மட்டும்தான். தான் நினைத்ததை எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் விசாரணை. வசனம் நன்றாக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. க்ளெனிஸ்டர் அவ்வளவு வசீகரமாகச் செய்திருக்கிறார், குற்றம் அவருடையது.

1973 போலீஸ் நிஜமாகவே அப்படியா? மிகைப்படுத்தல் இல்லையா?

தொடரில் மசாலா இருக்கிறது, ஆனால் அடித்தளம் உண்மை. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாம் ஏன் அப்படிப் பதறுகிறார் என்பது இதில்தான் இருக்கிறது.

சாம் 2006-இலிருந்து கொண்டுவருகிற பழக்கங்கள் எல்லாம் 1973-க்குப் பிறகு வந்தவை. கைது செய்தவரை எத்தனை நேரம் வைத்திருக்கலாம், வக்கீலை எப்போது விட வேண்டும், விசாரணையை எப்படிப் பதிய வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்காக வரையறுத்தது 1984-இல் வந்த போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 1986-இல்தான். விசாரணையை டேப்பில் பதிவது அதையொட்டித்தான் வழக்கமாயிற்று. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற தனி அரசு வக்கீல் அமைப்பும் அதே 1986-இல் வந்ததுதான், அதுவரை பெரும்பாலும் போலீஸே முடிவு செய்யும். டி.என்.ஏ. ரேகையை லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தது 1984-இல், தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் வந்தது 1995-இல். இதெல்லாம் போனால் சாமின் கையில் என்ன மிச்சம்? ஒரு நோட்டு, ஒரு பென்சில், கைரேகை அட்டைகளைக் கண்ணால் ஒப்பிடுகிற ஆள், அவ்வளவுதான்.

ஹன்ட் மாதிரி ஆட்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கற்பனை தேவையில்லை. 1974 நவம்பரில் பர்மிங்ஹாமில் இரண்டு பப்களில் குண்டு வெடித்தது, ஆறு பேரைப் பிடித்தார்கள், நான்கு பேரிடமிருந்து வாக்குமூலம் வந்தது, அடித்து வாங்கினார்கள் என்று அவர்கள் அப்போதே சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. 1975-இல் ஆயுள் தண்டனை. 1991 மார்ச்சில்தான் தீர்ப்பை ரத்து செய்து வெளியே விட்டார்கள். கைதான நாளிலிருந்து பதினாறு வருடம். இந்த எபிசோட் நடக்கிற காலத்துக்கு அடுத்த வருடம் நடந்த விஷயம் இது. அதைத் தெரிந்துகொண்டு ஹன்ட் மேஜையைத் தட்டுகிற காட்சியைப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஒரு சின்ன விவரம்: கதை நடக்கும் வருடத்தில் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் என்று ஒன்று கிடையாது. அது 1974 ஏப்ரலில் உருவானது. அதற்கு முன் மான்செஸ்டருக்கும் ஸால்ஃபோர்டுக்கும் சேர்த்து ஒரு படை இருந்தது.

ஆனியை எல்லோரும் அப்படி நடத்துகிறார்களே, ஏன் யாரும் கேட்பதில்லை?

அது அப்போது கேட்கிற விஷயமே இல்லை. பெண் போலீஸ் என்றால் தனிப் பிரிவு, பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலை, சம்பளமும் குறைவு. பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது 1975-இல். ஆனிக்கு மனோதத்துவத்தில் பட்டம் இருக்கிறது. சாம் அவரை அந்த ஆண்கள் நிறைந்த அறைக்குக் கூப்பிட்டு, கொலைகாரன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று சொல்லச் சொல்கிறார். சுற்றிலும் இளிப்பு. அவர் குரல் முதலில் தடுமாறி, பிறகு நிலைக்கு வரும். லிஸ் வைட் முகத்தை மட்டும் பாருங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்லணும். சாம் அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் கூப்பிடுகிறார், ஆனால் அந்த அறையில் அது ஆனிக்கு எத்தனை சங்கடம் என்று சாமுக்குத் தெரியவில்லை. 2006-இலிருந்து வந்த நாகரிகமானவர் என்பதால் அவர் செய்வதெல்லாம் சரி என்று எபிசோட் சொல்லவில்லை, இது எனக்கு இரண்டாம் முறைதான் கண்ணில் பட்டது.

இப்போது பார்க்கும்போது எது பழசாகிவிட்டது?

1973 பழசாகவில்லை, அது ஏற்கனவே பழசு. பழசானது 2006!

என் அக்கா மகன் கூட உட்கார்ந்து பார்த்தான், பத்தாம் வகுப்பு. தொடக்கத்திலேயே வண்டியில் இருந்த ஐபாடைக் காட்டி "மாமா, அது பவர் பேங்கா?" என்றான். அவனுக்கு சாம் முழிப்பதற்கு முன்னாலேயே கதை வரலாற்றுக் கதைதான். யாரும் கையில் போனைத் தேய்க்கவில்லை, மேப் பார்க்கவில்லை, மாயா காணாமல் போனால் லொகேஷன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆப்பிள் ஐபோனை அறிமுகம் செய்தது 2007 ஜனவரி 9. எபிசோட் ஒளிபரப்பாகிச் சரியாக ஒரு வருடம், அதே தேதி. 1973 ஸ்டேஷனின் சிகரெட் புகையைப் பார்த்து 2006 பார்வையாளர்கள் ஐயோ அந்தக் காலம் என்று சிரித்திருப்பார்கள், ஆனால் அவர்கள் தெருமுனை பப்பிலும் அப்போது புகைதான். இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது 2007 ஜூலை 1, தொடர் முடிந்த பிறகு.

அதனால் இந்த எபிசோடில் இப்போது இரண்டு கடந்தகாலம் இருக்கிறது. எழுதியவர்கள் ஒன்றைத்தான் திட்டமிட்டார்கள். 'நம் காலம்' என்று காட்டப்பட்ட, நீலச் சாயம் பூசிய, கண்ணாடிச் சுவர் ஆபீஸ்தான் எனக்கு இப்போது விசித்திரமாகத் தெரிகிறது. 1973-இன் பழுப்பு வால்பேப்பர் அப்படியே நிற்கிறது.

யார் எடுத்தது?

மேத்யூ கிரஹாம், டோனி ஜோர்டன், ஆஷ்லி ஃபரோவா மூவரும் 1998-இல் யோசித்த கதை. அப்போது வைத்த பெயர் 'ஃபோர்ட் கிரனாடா', காரின் பெயர். யாரும் வாங்கவில்லை, பல வருடம் கிடப்பில் கிடந்தது. முதல் எபிசோடை எழுதியது கிரஹாம், இயக்கியது பரத் நல்லூரி. ஆமாம், நம் பக்கத்து மாநிலத்துக் குண்டூரில் பிறந்தவர், இங்கிலாந்தில் வளர்ந்தவர். மாயாவாக வருவது ஆர்ச்சி பஞ்சாபி. எபிசோடில் கொஞ்ச நேரம்தான் வருகிறார், ஆனால் சாமின் அத்தனை ஓட்டமும் அவருக்காகத்தான்.

சர்வதேச எம்மி விருதில் சிறந்த நாடகத் தொடர் என்று இரண்டு முறை வாங்கியது, 2006-இலும் 2008-இலும்.

தப்பு ஏதாவது கண்டுபிடித்தீர்களா?

நான் கண்டுபிடிக்கவில்லை, ஊரறிந்த தப்பு. சாம் கண் விழிக்கிற இடத்தில் ஒரு பெரிய போர்டு, மான்குனியன் வே என்கிற மேம்பாலச் சாலை இங்கே வரப்போகிறது என்று. 2006-இல் அவர் அடிபட்டது அந்தச் சாலைக்குக் கீழே, அதனால் காட்சியாகப் பிரமாதம், ஒரே நொடியில் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துவிடுகிறது. ஆனால் நிஜத்தில் அந்தச் சாலை 1967-இலேயே திறந்தாகிவிட்டது, பிரதமர் ஹெரால்ட் வில்சனே வந்து திறந்துவைத்தார். ஆறு வருடம் கழித்து வரப்போகிறது என்று போர்டு வைத்தால் எப்படி?

ரசிகர்கள் இதற்கும் சமாதானம் வைத்திருக்கிறார்கள்: இது சாமின் மூளையில் இருக்கிற 1973, அவருக்கு அப்போது நான்கு வயது, சாலை எப்போது வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். கோமா என்று வைத்துவிட்டால் எந்தத் தப்பையும் இப்படித் துடைத்துவிடலாம். சௌகரியமான கதை.

அந்த டெஸ்ட் கார்டு சிறுமி எதற்கு வருகிறாள்?

தொடர் முழுக்க வருவாள். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் பிபிசி காட்டிய நிலையான படம் அது, 1967-இலிருந்து: ஒரு சின்னப் பெண் கரும்பலகை முன்னால், கையருகே ஒரு கோமாளிப் பொம்மை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நாட்டின் மொத்தப் பிள்ளைகளும் அந்த முகத்தை முறைத்துப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். அவள் டிவியிலிருந்து இறங்கி வந்து பேசினால் எப்படியிருக்கும்! எங்களுக்கு தூர்தர்ஷனில் வெறும் வண்ணப் பட்டைகளும் ஒரு கூவென்ற சத்தமும்தான் கிடைத்தது, அதனால் இந்தப் பயத்தை நான் பாதிதான் அனுபவிக்க முடிகிறது.

எபிசோடின் முடிவைச் சொல்லுங்களேன்?

கொலை வழக்கு எப்படி முடிகிறது என்று சொல்ல மாட்டேன். மொட்டை மாடி ஓரத்தில் சாம் நிற்கிறார், குதித்தால் கோமாவிலிருந்து விழித்துவிடுவோம் என்று நம்புகிறார், ஆனி கிட்டே வருகிறார் என்பது வரை சொல்லலாம். இது தற்கொலைக் காட்சியா, தப்பிக்கும் காட்சியா என்பதே நமக்குத் தெரியாது, அவரவர் எதை நம்புகிறோமோ அதைப் பொறுத்தது. அவர் நினைப்பது சரியாக இருந்தால் ஆனி அவரைத் தடுப்பதுதான் தப்பு! ஒரு கற்பனை அவரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆனால் அவர் தப்பாக இருந்தால் கீழே தார் ரோடு. அந்த ஒரு காட்சிக்காகவே முழு எபிசோடையும் உட்கார்ந்து பார்க்கலாம்.

ரீமேக்குகள்?

ஸ்பெயின், ரஷ்யா, செக், கொரியா, அமெரிக்கா என்று நிறைய. கொரியாவில் 2018-இல் எடுத்தார்கள், ஹீரோ 1988-க்குப் போகிறார், அந்த வருடம் சியோல் ஒலிம்பிக் நடந்த வருடம். நல்ல யோசனை. ஒவ்வொரு நாடும் தனக்கு உறுத்துகிற ஒரு வருடத்தை எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்கப் பதிப்பு 17 எபிசோடில் நின்றுவிட்டது. ஹன்டாக ஹார்வி கைட்டல். அதன் முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டிவிடுங்கள்: சாம் நிஜத்தில் செவ்வாய்க்குப் போகும் விண்வெளி வீரராம், பயணத் தூக்கத்தில் கண்ட கனவாம் எல்லாம். பெயரில் மார்ஸ் இருக்கிறது என்பதற்காக நேராக அங்கேயே அனுப்பிவிட்டார்கள். விண்கலம் இல்லையே என்று மேலே கேட்டவருக்கு இது பிடிக்கலாம்.

புதிதாகப் பார்ப்பவர் எப்படித் தொடங்கலாம்?

சப்டைட்டிலோடு. கௌரவம் பார்க்காதீர்கள், ஹன்ட் பேசுவது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. சின்னப் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம், பேச்சு கொச்சையாக இருக்கும், கதை பெண்களைக் கடத்திக் கொல்கிறவனைப் பற்றியது. விடுமுறைக்கு முந்தின நாள் இரவு ஆரம்பித்தால் நல்லது. நாங்கள் ஞாயிறு மதியம் ஆரம்பித்து மூன்றாவது எபிசோடில் நிற்கிறோம், பையனுக்குத் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை, அக்கா டிவி ரிமோட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.